ஒடுங்கும் பார்வையும் ஒடுங்கா முயற்சியும்



சுவரிலே தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து மணி என்னவென்று தவறாது சொல்லும் ஒருவர், அடுத்த கணமே காலடியிற் கிடக்கும் முக்காலியில் இடறி விழுகிறார். நண்பரின் முகத்தை நோக்கிப் பேசுபவர், அந்நண்பர் நீட்டிய கையைக் காணாது நிற்கிறார். பார்ப்பவர்கள் இதனைச் செருக்கு என்பார்கள். அன்றேல் குடிமயக்கம் என்பார்கள். ஒரு கையில் வெள்ளைப் பிரம்பும் மறு கையிற் பத்திரிகையும் இருந்துவிட்டாலோ, குருடரைப்போல் நடிக்கிறார் என்றும் பழி கூறுவார்கள். உண்மை இவற்றுள் எதுவுமன்று. அவருடைய விழித்திரை சிறிது சிறிதாக அழிந்து வருகின்றது.

இந்நோயை ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்பர். ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவரை இது பற்றுகின்றது. கண்ணின் பின்புறத்தே அமைந்த விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இருவகைப்படும். கோல்கள் என்பவை மங்கிய ஒளியிலும் ஓரப் பார்வையிலும் உதவுவன. கூம்புகள் என்பவை நிறங்களையும் நுண்ணிய எழுத்துக்களையும் காட்டுவன. இந்நோயில் முதலில் மடிபவை பெரும்பாலும் கோல்களே. ஆகவே அந்தி சாய்ந்ததும் கண் தெரியாமற் போகின்றது. பின்னர் ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, குழாயினூடே உலகைப் பார்ப்பது போன்ற நிலை உண்டாகின்றது. பல ஆண்டுகள் சென்றபின் கூம்புகளும் நலிகின்றன.

நம்மவர் மாலைக்கண் என்று சொல்வதும் இதுவும் ஒன்றோ என்று நீங்கள் கேட்கலாம். விற்றமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண்ணைக் காலத்தோடு கவனித்தால் உணவாலும் மருந்தாலும் தீர்க்கலாம். இதுவோ பரம்பரையலகிலே உள்ள குறையினால் வருவது. தாய் தந்தை இருவருக்கும் நோயின்றியே பிள்ளைக்கு வருவதுமுண்டு. நெருங்கிய உறவினுள் மணம் செய்வோரிடையே அவ்வாறு நேரும் வாய்ப்பு அதிகம். எனினும் இது எவருடைய பாவத்தின் பலனுமன்று. இருளிற் குழந்தை தடுமாறினால், எது காரணமென்று கண் வைத்தியரே ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். விழித்திரையிற் படிந்த கருநிறப் புள்ளிகளை வைத்தியர்கள் அதன் துணைகொண்டு கண்டார்கள். நோய்க்குப் பெயரும் இட்டார்கள். ஆனால் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நோயாளிக்குச் சொல்ல அவர்களிடம் ஆறுதல் வார்த்தையன்றி வேறெதுவும் இருக்கவில்லை.

அமெரிக்க வணிகரான கோர்டன் கண்ட் என்பவர் முப்பது வயதளவில் இந்நோயினாற் பார்வையை முற்றாக இழந்தார். சோவியத் நாட்டின் ஒடெசா நகருக்குச் சென்று சிகிச்சை பெற்றும் பயன் கிட்டவில்லை. ஆராய்ச்சி நடவாத நோய்க்கு மருந்தும் இராது என்பதனை உணர்ந்து, 1971இல் அவரும் அவர் மனைவியாரும், இந்நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து ஒரு நிதியத்தை நிறுவினர். 1974இல் ஹாவாட் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து இதற்கெனவே ஓர் ஆய்வுகூடம் எழுந்தது. 1990இல் ஆய்வாளர்கள், இந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகுக் குறை ஒன்றை முதன்முதலாகக் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில், இதே இனத்து நோயொன்றினாற் பிறவியிலேயே பார்வை குன்றிய லான்சலொற் என்னும் நாய்க்கு, குறையற்ற பரம்பரையலகைக் கண்ணினுள் செலுத்தினர். அது பார்வை பெற்றது. 2017 டிசெம்பரில் அம்முறையே மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

இங்கே நாம் மெய்யை மறைத்தலாகாது. நிதியம் தோன்றியதற்கும் மருந்து வந்ததற்கும் இடையே 46 ஆண்டுகள் கழிந்தன. அம்மருந்தும் ஒரேயொரு பரம்பரையலகின் குறைக்கே உரியது. இவ்வகை நோய்களைத் தரக்கூடிய பரம்பரையலகுகளோ எண்பதுக்கும் மேற்பட்டவை. இரு கண்களுக்குமான அதன் விலை 850,000 டொலர் என அறிவிக்கப்பட்டது. ஆகவே முதல் உண்டியலிற் காசு இட்ட நோயாளி தன் கண்ணுக்காக அதனை இட்டார் என்பதற்கில்லை. தான் நடாத பனையின் பழத்தை உண்டவன், தான் உண்ணாத பனைக்கு விதை ஊன்றுவது போன்ற செயல் அது.

எனவே இந்நோயுடையவர் செய்யவேண்டிய வேலைகள் இரண்டு. ஆராய்ச்சிக்கு உதவுவது ஒன்று. மருந்து வரும்வரை வாழ்வை நிறுத்திவைக்காது, பார்வை எஞ்சியிருக்கும்போதே வெள்ளைப் பிரம்பையும் பிரெயில் எழுத்தையும் பழகிக்கொள்வது மற்றொன்று. பிரம்பை ஏந்துவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அஞ்சுவோர் பலர். நிதி திரட்டிய அதே கண்ட், பார்வையற்ற நிலையிற் சிற்பம் செதுக்கக் கற்றார் என்பதனை அவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

நம் பங்கும் உண்டு. ஒரு திங்களிற் குணமாக்குவோம் என்னும் விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொடாதிருப்போம். நிதி கேட்டு வருவோரிடம் கணக்கைக் கேட்டு, நம்பிக்கை பிறந்தபின் மனமுவந்து கொடுப்போம். நீட்டிய கையை ஒருவர் காணாது நின்றால், சினவாது அவர் பெயரைச் சொல்லி அழைப்போம். இதற்குப் பணமும் வேண்டியதில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டியதில்லை.