பழுதறியும் நெறி

நுழையும்முன்

ஒரு கருவி இயங்காதபோது அதைத் தட்டிப் பார்க்கிறோம். பின்பு பழுது நீக்குவோரிடம் ஒப்படைக்கிறோம். அது ஏன் இயங்கவில்லை என்று கேட்போர் சிலரே. வீட்டிலேயே கட்டமைக்கப்பட்ட மேசைக்கணினி ஒன்று இயங்க மறுக்கும் சூழலைக் கொண்டு, பழுதின் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உதிரிபாகங்களை வாங்கித் தானே ஒரு கணினியைக் கட்டமைக்கிறாள் என்று கொள்வோம். ஒரு பகல் முழுதும் உழைத்துப் பணி முடிகிறது. வீட்டார் சூழ்ந்து நிற்க, தொடக்கப் பொத்தானை அழுத்துகிறாள். விசிறி சுழலவில்லை, முகப்பு விளக்கு எரியவில்லை. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

இந்நிலையில் தோன்றும் முதல் எண்ணம், "தாய்ப்பலகை கெட்டிருக்கும், வேறொன்று வாங்க வேண்டும்" என்பதே. இது வெறும் ஊகம். ஊகத்தை நம்பிப் புதிய பலகை வாங்கிய பின்னும் கணினி இயங்காவிட்டால், பணமும் போகும். பழுதும் அப்படியே இருக்கும். எனவே வாங்குவதற்கு முன் ஆராய வேண்டும். ஆராய்வதற்கோ, மின்சாரம் கணினிக்குள் செல்லும் வழியை அறிந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தின் வழி

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணினியின் உறுப்புகளுக்குத் தேவைப்படுவதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்திசை மின்னோட்டம். இம்மாற்றத்தைச் செய்வது, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கப்படும் மின்வழங்கிப் பெட்டி.

கணினியின் முகப்பில் உள்ள பொத்தான், வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல் மின்சாரத்தை நேரே இணைப்பதன்று. அது தாய்ப்பலகைக்கு ஒரு செய்தியை மட்டுமே தருகிறது. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, மின்வழங்கி 5 வோல்ட் அளவுள்ள சிறு மின்னோட்டத்தை எப்போதும் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை, "இயங்கு" என்னும் குறிப்பை மின்வழங்கிக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே முழு மின்சாரமும் பாய்கிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், 100 முதல் 500 மில்லி விநாடிகளுக்குள் "யாவும் சீர்" என்னும் குறிப்பை மின்வழங்கி திருப்பி அனுப்புகிறது. அது கிடைத்த பிறகே செயலி தன் பணியைத் தொடங்குகிறது. இத்தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கணினி இயங்காது. அறுந்த கண்ணி எது என்பதே நம் கேள்வி.

தெரிந்து தெளிவோம்

இன்டெல் நிறுவனம் 1995 இல் ஏடிஎக்ஸ் என்னும் வடிவ நெறியை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின் இணைப்பிகளின் அமைப்பு ஆகியவற்றை அது வரையறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் உறுப்புகளை ஒரே பெட்டியில் பொருத்த இயல்வது இத்தகைய பொது நெறிகளால்தான். அதற்கு முந்தைய கணினிகளில் முகப்புச் சுவிட்சு வீட்டு மின்சாரத்தையே நேரடியாக இணைத்தது.

வெளியிலிருந்து உள்ளே

ஆய்வை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். சுவரிலுள்ள மின்செருகியில் வேறொரு கருவியைப் பொருத்தி, அங்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். மின்வழங்கியின் பின்புறத்தில் ஒரு சுவிட்சு உண்டு. அதில் கோட்டுக்குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் இணைப்பு; வட்டக்குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் துண்டிப்பு. பழைய மின்வழங்கிகள் சிலவற்றில் 115, 230 என்று குறித்த மாற்றி இருக்கும். நம் நாட்டில் அது 230 இல் இருப்பது கட்டாயம்.

நம் மாணவியின் வீட்டில் இவை யாவும் சரியாக உள்ளன. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எதையும் தொடாமல் உள்ளே பார்க்கிறாள். தாய்ப்பலகையின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. எல்லாப் பலகைகளிலும் இவ்விளக்கு இராது. இருந்து எரியுமானால் அது மதிப்புமிக்க சான்று. சுவரிலிருந்து தாய்ப்பலகை வரை 5 வோல்ட் வந்து சேர்கிறது என்று அது அறிவிக்கிறது. ஒரே பார்வையில் தேடலின் முற்பாதி முடிந்துவிட்டது.

இணைப்புகளை ஆராய்தல்

உள்ளே கைவைக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பின்னர்த் தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், எஞ்சிய மின்னூட்டம் பெருமளவு வெளியேறும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு இணைப்பிகள் இன்றியமையாதவை. ஒன்று, தாய்ப்பலகைக்குரிய 24 முனை இணைப்பி. மற்றொன்று, செயலிக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பி. சில பலகைகளில் இது 4 முனைகளே கொண்டிருக்கும். புதிதாகக் கட்டமைப்போர் இரண்டாவதை மறந்துவிடுவதுண்டு. பாதி நுழைந்து நிற்கும் இணைப்பி, பார்வைக்கு முழுதும் பொருந்தியதுபோலவே தோன்றும். எனவே கழற்றி, கொக்கி மாட்டும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். ரேம் பட்டைகளுக்கும் இதுவே முறை.

அடுத்தது பொத்தான். அதன் மெல்லிய கம்பி, தாய்ப்பலகையின் இரண்டு முனைகளில் செருகப்பட்டிருக்கும். கையேட்டைப் பார்த்து அவற்றை உறுதிசெய்த பின், கம்பியைக் கழற்றி மின்சாரத்தை மீண்டும் இணைத்து, அவ்விரு முனைகளை மட்டும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடச்செய்யலாம். கணினி இயங்கினால் குறை பொத்தானிலோ அதன் கம்பியிலோதான். நம் மாணவி இவற்றையெல்லாம் செய்து பார்க்கிறாள். கணினி இயங்கவில்லை.

குறைத்துப் பார்த்தல்

இனிப் பெட்டியையே ஐயப்பட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துத் தாய்ப்பலகையை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைக்கிறாள். அதைச் சுற்றியிருந்த பளபளப்பான உறை மின்சாரத்தைக் கடத்தக்கூடும். ஆதலால் அதன்மேல் வைத்தலாகாது. செயலி, அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு ரேம் பட்டை, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் இணைத்து இரு முனைகளையும் தொடச்செய்கிறாள். விசிறி சுழல்கிறது!

பலகை கெடவில்லை, மின்வழங்கியும் கெடவில்லை. அப்படியாயின் குறை பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியில் தாய்ப்பலகையைத் தாங்கும் சிறு பித்தளைத் தாங்கிகள் உண்டு. அவள் வாங்கியது சிறிய அளவுப் பலகை. பெட்டியிலோ பெரிய பலகைக்குரிய தாங்கிகள் முன்பே முடுக்கப்பட்டிருந்தன. பலகையில் துளை இல்லாத இடத்தில் நின்ற ஒரு தாங்கி, அதன் அடிப்புறத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை உண்டாக்கியது. அதை உணர்ந்த மின்வழங்கி, தீங்கு நேராதவாறு இயங்க மறுத்தது. அத்தாங்கியைக் கழற்றியதும் பழுது நீங்கியது. செலவு ஏதுமில்லை.

வெளியே வைத்தும் இயங்காதிருந்தால், நன்றாக இயங்குவதாக அறியப்பட்ட வேறொரு மின்வழங்கியைப் பொருத்திப் பார்த்திருக்கலாம். அப்போது அதற்குரிய கம்பிகளையே பயன்படுத்த வேண்டும். கழற்றி மாட்டும் கம்பிகளின் முனையமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மாற்றி இணைத்தால் நல்ல உறுப்புகளும் கெடும்.

எல்லை அறிதல்

எந்நிலையிலும் மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைப்பவை. சுவரிலிருந்து கம்பியைக் கழற்றிய பின்னும் அது எஞ்சியிருக்கலாம்; உயிருக்கே ஊறு நேரலாம். தீய்ந்த மணம் வந்தாலோ புகை எழுந்தாலோ, உடனே மின்சாரத்தைத் துண்டித்துத் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கு நிறுத்த வேண்டும் என்று அறிவதும் பழுதறியும் நெறியின் பகுதியே.

அம்மாணவி பின்பற்றிய நெறி மூன்று கூறுகளைக் கொண்டது: எளியதை முதலில் ஆராய்தல்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல்; ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் குறித்துக்கொள்ளுதல். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிக் கணினி இயங்கிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போகும். நோயறியும் மருத்துவரும், சொற்றொடரில் பிழை தேடும் மாணவரும் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே.

அன்றிரவு திரை ஒளிர்ந்தபோது, பழுதுக்குக் காரணம் என்ன என்று தந்தை கேட்டார். அவள் உள்ளங்கையை விரித்து அச்சிறு பித்தளைத் தாங்கியைக் காட்டினாள். "இதுவா?" என்றார் அவர். "இதுதான் அப்பா" என்றாள். காரணத்தைக் காட்ட அவளால் இயன்றது. அவள் அதை ஊகிக்கவில்லை, கண்டறிந்திருந்தாள்.