திரைக்கு முன் கடைசியாக அமரும் குழந்தை: வகுப்பறை இணைய வளங்களை எப்படி மதிப்பிடுவது?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586ஆம் ஆண்டு ‘அடியார் வரலாறு’ என்னும் தமிழ் நூல் அச்சாயிற்று. அதை உருவாக்கியவர் போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார். செலவுக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். நூலின் நடை புலவர் நடை அன்று. கடற்கரை மக்களின் பேச்சுக்கு நெருக்கமானது. கற்பித்தலுக்கென வந்த ஒரு புதிய கருவிக்கு அதைப் பயன்படுத்தவிருந்த மக்களே பணம் கொடுத்தார்கள். அது அவர்கள் பேச்சிலேயே அவர்களிடம் வந்தது. இந்தச் செய்தி போதிய கவனம் பெறுவதில்லை. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்னும் பெருமிதத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அதே அச்சுக்கருவி தலித் மக்களின் கைக்கு வர எவ்வளவு காலம் பிடித்தது? தலித்துகள் நடத்தியதாக இன்று அறியப்படும் தமிழ் இதழ்களில் மிகப் பழையது 1869ஆம் ஆண்டின் ‘சூரியோதயம்’. இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ 1893இல் வந்தது. அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907இல் வந்தது. புன்னைக்காயல் நூலுக்கும் ‘சூரியோதய’த்துக்கும் இடையே 283 ஆண்டுகள். 1835 வரை இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகளும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். ஆனால் எழுத்தறிவைத் தடுத்தது அந்தச் சட்டம் மட்டுமன்று. பொதுப் பள்ளிகளின் வாசல் மூடியிருந்ததால்தான் 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர்களுக்கெனத் தனிப் பள்ளி தொடங்க நேர்ந்தது. அச்சு இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. அது இருந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

இன்று வகுப்பறைக்குள் வேறொரு கருவி நுழைந்திருப்பதால் இந்த வரலாறு நமக்குத் தேவைப்படுகிறது. ஒன்றிய அரசு 2017 செப்டம்பரில் ‘தீக்ஷா’ தளத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு 2018-19 கல்வியாண்டில் கொண்டுவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகளை அச்சிட்டு, பாடங்களை அத்தளத்தின் காணொலிகளோடு இணைத்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023 ஜூலையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ‘மணற்கேணி’ செயலி வந்தது. பாடநூலின் கருத்துகளைச் சிறு சிறு காணொலிகளாகப் பிரித்துத் தருவது அதன் முறை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

இவற்றை நாம் எதிர்க்கவில்லை. தனியார் நிறுவனங்களின் கற்றல் செயலிகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்ட முடியாத பெற்றோருக்கு, தமிழில், மாநிலப் பாடத்திட்டத்தில், கட்டணமின்றிக் கிடைக்கும் பொது வளம் இது. அதைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற வேண்டியதாக இருப்பதால்தான் கறாராக மதிப்பிடவும் வேண்டும்.

வழக்கமான மதிப்பீடு எதைப் பார்க்கிறது? எத்தனை காணொலிகள், எத்தனை பதிவிறக்கங்கள், படம் தெளிவாக உள்ளதா, பாடத்தில் பிழை உண்டா. இவை தேவையானவை, ஆனால் அனைத்தும் திரைக்குள் இருப்பவை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையில் இயங்குகிறது என்பதையே தலைப்பாக்கியது. பெரு நாட்டில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கற்பித்தல் முறையோடு இணைக்கப்படாமல் வழங்கப்பட்டன. குழந்தைகளின் கற்றல் மேம்படவில்லை என்று அவ்வறிக்கை கூறுகிறது. பொருள் வந்து சேர்வதும் கல்வி வந்து சேர்வதும் வேறு வேறு.

வீட்டிலிருந்து தொடங்குவோம். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி பெற்றவை 14.9 விழுக்காடு மட்டுமே. அதன் பிறகு கைப்பேசி பரவலாகிவிட்டது என்பது உண்மை. எனினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. புன்னைக்காயலை அடுத்த பழையகாயல் பக்கத்து உப்பளங்களையும் ஆத்தூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் நினைத்துப் பாருங்கள். உப்பளத்துக்குச் செல்பவர்கள் பொழுது விடியுமுன் கிளம்புகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால் அது அவர்களோடு போய்விடும். இரவில் திரும்பும்போது மின்னூட்டமும் இருக்காது, தரவும் தீர்ந்திருக்கும். பிள்ளைகளில் ஆணும் பெண்ணும் இருந்தால், மிச்சமிருக்கும் அரைமணி நேரம் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஓர் இணைய வளத்தை மதிப்பிடுபவர் முதலில் செய்ய வேண்டியது எளிய சோதனை: கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு அதைத் திறந்து பார்ப்பது. முன்பே இறக்கி வைத்த பாடம் ஓடுகிறதா, பழைய மலிவான கைப்பேசியில் ஓடுகிறதா, ஒரு பாடத்துக்கு எவ்வளவு தரவு செலவாகிறது? தீக்ஷாவில் இறக்கி வைத்துப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் முதலில் இறக்குவதற்கான இணையம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுத்து வகுப்பறை. இங்கேதான் பெரும்பாலான மதிப்பீடுகள் மௌனமாகிவிடுகின்றன. கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று நான்கு மாணவர்கள் அமரும்போது சுட்டியைப் பிடித்திருப்பவர் யார்? எட்டிப் பார்ப்பவர் யார்? திரையை எட்டாத பின்வரிசை யாருக்கு? கருவியைத் துடைத்து வைக்கும் வேலை யாருக்குப் போகிறது? இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். 2025 மார்ச்சில், இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்புத் தலித் மாணவரின் விரல்கள் வெட்டப்பட்டன. அந்த மாணவர்களின் கைப்பேசியிலும் பாடநூலின் க்யூஆர் குறியீடு திறந்திருக்கும். பள்ளிக்குப் போய்த் திரும்பும் வழி பாதுகாப்பாக இல்லாதபோது, காணொலியின் தரம் பற்றிய மதிப்பெண் எதைச் சொல்கிறது?

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பதிவேடு என்பது இனி தாள் மட்டுமன்று. உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் சாதி விவரம் தேவை. அதைச் சேகரிக்காதே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த விவரம் எந்தத் திரையில், யார் கண்ணுக்குத் தெரிகிறது, கற்றல் செயலியின் கணக்கோடு அது பிணைக்கப்படுகிறதா என்பதை எந்த மதிப்பீடும் கேட்டாக வேண்டும்.

இதில் அரசுத் தளம் என்பதால் மட்டும் நம்பிக்கை வைப்பதற்கில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், குழந்தைகள் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறியும் திறன் தீக்ஷாவுக்கு இருந்ததைச் சுட்டியது. 2023 சனவரியில், பாதுகாப்பற்ற மேகக் கிடங்கு ஒன்றில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களின் விவரங்களும் திறந்து கிடந்ததை ‘வயர்டு’ இதழ் வெளிப்படுத்தியது. அத்தளத்திலிருந்தே அவை கசிந்திருந்தன. 2023ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதே சட்டம் விலக்குகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. உப்பளத்திலிருந்து திரும்பிய தாய், ஆங்கிலத்தில் வரும் ஒப்புதல் கட்டத்தைத் தொட்டுவிட்டால் அது இசைவாகிவிடுமா?

திரைக்குள் இருப்பதையும் ஒருமுறை பார்க்கலாம். ஏதேனும் ஐந்து காணொலிகளை எடுத்து, அவற்றில் வரும் பெயர்களையும் வீடுகளையும் தொழில்களையும் எழுதிப் பாருங்கள். நமக்கு உதவுவோர் பற்றிய பாடத்தில் தூய்மைப் பணியாளர் பெயரோடு வருகிறாரா, துடைப்பத்தோடு மட்டும் வருகிறாரா? தீண்டாமை பற்றிய பாடம் அதை என்றோ முடிந்த கதையாகச் சொல்கிறதா? பேசும் தமிழ் எந்த ஊர்த் தமிழ்? ஆசிரியர்கள் ஓர் உணவு இடைவேளைக்குள் இதைச் செய்துவிடலாம்.

நாம் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வேறொரு முயற்சி இல்லம் தேடிக் கல்வி. கொரோனாக் காலத்துப் பள்ளி மூடலுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புகளுக்கே வந்து கற்பித்தார்கள். குழந்தையிடம் கருவி எதுவும் இருக்கத் தேவையில்லை. அங்கும் மையம் ஊரில் அமைந்ததா, சேரியில் அமைந்ததா, ஒரு பகுதிக் குழந்தைகள் மற்றப் பகுதிக்கு வந்தார்களா என்னும் கேள்விகள் உண்டு. ஆயினும் அக்கேள்விகளைக் கேட்க ஓர் ஆள் கண்ணெதிரே இருந்தார். செயலியிடம் அப்படிக் கேட்க முடியாது.

கேட்பதற்கான இடம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடமும் தருகிறது. திறன்மிகு வகுப்பறை வாரத்தில் எத்தனை மணி நேரம் இயங்குகிறது, பழுதான கருவி எத்தனை நாளாகப் பழுதாக உள்ளது, எந்த வகுப்புக் குழந்தைகள் அதைத் தொட்டார்கள் என்பதை அக்குழுவின் தீர்மானப் புத்தகத்தில் மாதந்தோறும் எழுத வைக்கலாம். எழுத மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் இயங்கும் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்: அங்கு எத்தனை பள்ளிகளுக்குத் திரை வந்திருக்கிறது, அதே ஒன்றியத்தின் மற்ற அரசுப் பள்ளிகளில் எத்தனைக்கு வந்திருக்கிறது என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலே போதும்.