சராவதி நீரேற்றுப் புனல் மின்திட்டம்

சராவதி நீரேற்றுப் புனல் மின்திட்டம் என்பது கர்நாடக மாநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பாயும் சராவதி ஆற்றில் கர்நாடக மின் கழகம் திட்டமிட்ட 2000 மெகாவாட் மின்திட்டம் ஆகும்.

செயல்முறை

தலகலலே நீர்த்தேக்கம் மேலும், கெருசொப்பா நீர்த்தேக்கம் கீழும் அமைந்துள்ளன. மின் தேவை குறைந்த நேரங்களில் நீர் மேலே ஏற்றப்படும். தேவை மிகும்போது அந்நீர் சுரங்கவழியே இறங்கி, தலா 250 மெகாவாட் திறனுள்ள 8 சுழலிகளை இயக்கும். நீரை ஏற்றச் செலவாகும் மின்சாரம், திரும்பக் கிடைப்பதை விட அதிகம். எனவே இது மின்சாரத்தைச் சேமிக்கும் முறையே ஆகும். சூரிய, காற்று மின்சாரத்தைத் தேக்கிவைக்க இது உதவும் என்பது ஆதரவாளர் வாதம். தமிழ்நாட்டின் கடம்பாறை மின்நிலையமும் (400 மெகாவாட்) இவ்வகையைச் சேர்ந்தது.

சூழலியல் சிக்கல்கள்

இரு நீர்த்தேக்கங்களும் முன்பே உள்ளமையால் புதிய அணை தேவையில்லை. ஆயினும் சுரங்கங்கள், நிலத்தடி மின்நிலையம், சாலைகள் ஆகியவை சராவதி சோலைமந்தி காட்டுயிர் உய்விடத்தின் காடுகளில் அமையவேண்டியுள்ளது. இவ்வுய்விடம் 2019 இல் அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, அழியும் நிலையிலுள்ள சோலைமந்தி, பெரும்பாலும் மரங்களிலேயே வாழ்வது. மர விதானம் துண்டிக்கப்பட்டால் அதன் கூட்டங்கள் தனிமைப்பட்டுவிடும். இதே ஆற்றில் 1964 இல் கட்டிமுடிக்கப்பட்ட லிங்கனமக்கி அணையால் ஏற்கனவே பல ஊர்களும் காடுகளும் நீரில் மூழ்கின. எஞ்சிய காட்டையும் இழக்கக்கூடாது என்பதே எதிர்ப்பாளர்களின் கருத்து.