குவைத் குசினியில் ஒரு பிடி சம்பல்

நாவலப்பிட்டி பஸ் தரிப்பிடத்திலிருந்து முச்சக்கர வண்டி போகுமட்டும் போய், மிச்ச ஏற்றத்தை நடந்தே ஏறினால்தான் அந்த லயத்துக்குப் போகலாம். நான் போன நேரம் அந்த அக்கா வாசலில் குந்தி, அம்மியில் செத்தல் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"இருங்க மிஸ், இதை வழிச்சிட்டு வாறேன். ஏழு வருசமா இந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஏங்கினேன்" என்றார்.

வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் வந்தவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பது சம்பளம் ஒழுங்காகத் தந்தார்களா, அடித்தார்களா, கடவுச்சீட்டைப் பறித்தார்களா என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் "அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடங்களாகக் கேட்டதில்லை. அன்றைக்கு அம்மியைப் பார்த்ததால் கேட்டேன். பேச்சு முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

அக்காவின் கதை எம்மில் பலருக்குப் புதிதல்ல. 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவருடைய பெற்றோரும் அடங்குவர். அங்கேயே பிறந்து, அங்கேயே திருமணம் முடித்தார். 2009இல் கணவரை இழந்து, ஐந்து வயது மகளோடு மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். அங்கிருந்து வெளியே வந்த பிறகு, பெற்றோர் விட்டுப் போன மலைக்கே, சின்னம்மா வீட்டுக்குத் திரும்பினார். பேரேட்டில் பெயர் இல்லாததால் கொழுந்து பறிக்கவும் கைக்காசு வேலைதான் கிடைத்தது. 2012இல் மகளைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனார்.

"முகாமில வரிசையில நின்னு சோறு வாங்கினோம். ஆனா சுத்திவர நம்ம சனம் இருந்திச்சு. குவைத்தில சோறு நிறைய, மிஸ். சாப்பிடத்தான் ஆளில்ல" என்றார்.

அந்த வீட்டில் பன்னிரண்டு பேர். மதியத்துக்குப் பெரிய தட்டில் மச்பூஸ் என்ற இறைச்சிச் சோறு. கறுவா, ஏலம், காய்ந்த எலுமிச்சை எல்லாம் போட்டுச் சமைப்பார்கள், உறைப்பு மட்டும் இருக்காது. குடும்பம் முழுவதும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, தட்டுகளைக் கழுவி, தரையைத் துடைத்து, பின்னேரம் நாலு மணிக்குத்தான் இவருக்குச் சாப்பாடு. அதுவும் குசினி மூலையில் நின்றபடியே. காலையில் குப்பூஸ் ரொட்டியும் பாற்கட்டியும். யாரும் பட்டினி போடவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் உடம்பு வற்றிவிட்டது. கண்ணீரோடு விழுங்கியது நெஞ்சிலேயே நின்றதாம்.

வீட்டு அம்மாவை அங்கே "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும். அரபில் அது தாயைக் குறிக்கும் சொல். எம் ஊரில் தாயின் சகோதரனைக் கூப்பிடும் சொல்லால் ஒரு பெண்ணைக் கூப்பிட முதல் கிழமை முழுவதும் சிரிப்பு வந்ததாகச் சொன்னார். அந்தத் துன்பத்திலும் சிரிப்பு வந்திருக்கிறது பாருங்கள்.

அதே வீட்டில் ஜாவாத் தீவைச் சேர்ந்த ஓர் இந்தோனேசியப் பெண் இருந்தார். இவருக்கு ஆறு வருடம் முன்னதாகவே வந்தவர், திருமணம் ஆகாதவர். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, சமையலறை அரபில் நாலு வார்த்தை மட்டும்தான். ஒரு நாள் இரவு எல்லோரும் படுத்த பிறகு, அந்தப் பெண் தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் திறந்தார். இறால் கூனி மணம் குசினியெங்கும் பரவியது. விரலால் தொட்டு நீட்டி, "சம்பல்" என்றார்.

"எனக்குப் புல்லரிச்சுப் போச்சு மிஸ். நம்ம சொல்லு!"

உண்மையில் அது அவர்களுடைய சொல்தான், எம்மிடம் வந்து சேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களே இங்குள்ள மலாயர். சம்பலும், ஆண்கள் உடுத்தும் சாரமும், அம்பாந்தோட்டையில் கடை கடையாக விற்கும் தொதலும் அந்த வழி வந்தவை. எம்மிடமிருந்து அங்கே போனவையும் உண்டு. கப்பலை அவர்கள் கபால் என்கிறார்கள், கடையைக் கெடாய் என்கிறார்கள், ஆப்பத்தை அப்பெம் என்கிறார்கள். பிழைப்புக்காகவும் வற்புறுத்தலாலும் கடல் கடந்தவர்களோடுதான் இச்சொற்களும் பயணம் செய்தன. இரண்டு பணிப்பெண்கள் நடுச்சாமத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்ததற்குப் பின்னால் இத்தனை நூறு வருடக் கதை இருக்கிறது.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். மதியச் சோற்றில் இரண்டு கை எடுத்து ஒளித்து வைத்து, இரவில் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டுவார்கள். அந்தப் பெண் அதை நாசி கோரெங் என்பார், இவர் தாளித்த சோறு என்பார். சம்பளம் வந்தால் இந்தோமி நூடில்ஸ் பெட்டி ஒன்று வாங்குவார்கள். அது இந்தோனேசியக் கம்பனியின் பண்டமாக இருந்தாலும் அரபு நாட்டுக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். இலங்கையிலிருந்து வருகிற யாரிடமாவது இவர் கருவாடும் கொறுக்காயும் கேட்டு வாங்கிக்கொள்வார். "தனியச் சாப்பிட்டப்ப வயிறு நிறையல்ல. அவ வந்து பக்கத்தில உக்காந்ததும் பசிக்கவே ஆரம்பிச்சிச்சு" என்றார்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பணிப்பெண்ணுக்குச் சாப்பாடு போடுவது தர்மம் என்று நினைக்கிற எஜமானர்கள் இருக்கிறார்கள். அப்படியே நம்பிவிடும் எம் பெண்களும் இருக்கிறார்கள். குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டத்தின்படி உணவு, உடை, தங்குமிடம், மருந்து ஆகியவை எஜமானர் கொடுத்தே ஆக வேண்டியவை. நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையே ஓய்வு தர வேண்டும், கிழமைக்கு ஒரு நாள் விடுமுறை என்றும் அச்சட்டம் கூறுகிறது. அந்த அக்கா அங்கே இருந்த காலத்தில்தான் சட்டம் வந்தது. அவருக்கு அது தெரியாது. நான் சொன்னதும், "கிழமைக்கு ஒரு நாளா?" என்று கேட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தோனேசியா தன் பெண்கள் பட்ட துன்பங்களைப் பார்த்து, மத்திய கிழக்கிலும் அதை அண்டியும் உள்ள 21 நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களைப் புதிதாக அனுப்புவதில்லை என்று 2015இல் அறிவித்தது. தடை வந்ததும் போக்கு நின்றுவிடவில்லை, கள்ள வழி முகவர்களுக்கு வசதியானது. எம் நாட்டிலும் 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குப் போன நால்வரில் மூவர் பெண்கள். பின்னர் விதிகள் இறுகின. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்ததும், பணிப்பெண்ணாகப் போகும் குறைந்த வயதை 21 ஆக்கினார்கள். அரசுகள் தமக்கு டொலர் தேவைப்படும்போது ஒரு விதமாகவும் மற்ற நேரம் வேறு விதமாகவும் பேசுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

2019இல் அக்கா திரும்பி வந்தார். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. வந்த அன்று கோழி வாங்கிக் கறி வைத்திருக்கிறார். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சின்னம்மாச்சி வைக்கிற மாதிரி இல்ல" என்று சொல்லி எழும்பிவிட்டாளாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. அரபு வீட்டை அவர் அழாமலே சொல்லி முடித்திருந்தார்.

ஏழு வருடம் அவர் அனுப்பிய காசில் சின்னம்மா சமைத்திருக்கிறார், பிள்ளையின் நாக்கு அந்தக் கைக்குப் பழகிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தாய்க்கு அது பெரிய அடி. பல மாதங்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, குசினி மூலையில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறார். பழக்கம் என்கிறார். பழக்கம் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறியபோது, குவைத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அரிசிக்கும் பருப்புக்கும் போய்விட்டது. இப்போது மகளுக்கு 21 வயது. முகவர் ஒருவர் இரண்டு தரம் வந்து போயிருக்கிறார். மகளுக்குப் போக ஆசை.

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"வேணாம்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு மிஸ்? போகச் சொல்லவும் வாய் வரல்ல."

முகவரின் அனுமதிப்பத்திரம் சரியானதா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கும்படி சொன்னேன். கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும்படியும், அதில் ஓய்வு நாள் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் மகளிடம் சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். தாய் குறுக்கிட்டு, "கசகசா மட்டும் பேக்கில போட்டுறாத. சவூதியிலயும் துபாயிலயும் அது போதைப் பொருள் கணக்கு, புடிச்சு உள்ள போட்டுருவான்" என்றார். சரியான தகவல். என் பட்டியலில் அது இருக்கவில்லை.

இந்தோனேசியத் தோழி இப்போதும் தொலைபேசியில் படம் அனுப்புவாராம். அன்று வந்திருந்ததைக் காட்டினார்: வாழையிலையில் சோறு, பக்கத்தில் சிவப்பாக ஒரு குவியல். அக்கா தன் அம்மியைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்.

பிறகு மூன்று பீங்கானில் ரொட்டியும் சம்பலும் வந்தன. அக்கா வழக்கம்போல் அடுப்படியிலேயே நின்றார். மகள் உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து எனக்கும் தனக்கும் நடுவில் போட்டாள்.