இலத்திரனின் முகவரி – 9: ஸ்டோர் காந்தமும் தேயிலை மங்கனீசும்

இலத்திரனின் முகவரி நான்கு சக்திச்சொட்டெண்களால் ஆனது: முதன்மை எண் சக்திமட்டத்தைச் சொல்லும், இரண்டாவது எண் ஒபிற்றலின் வடிவத்தை, மூன்றாவது எண் அது நோக்கும் திசையை. மறந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். நான்காவது சக்திச்சொட்டெண்ணான கறங்கல் எண்ணுக்கு நேர் அரை, மறை அரை என்று இரண்டே பெறுமானம். அதைக் காட்டிக்கொடுத்த 1922ஆம் ஆண்டு பிராங்பேர்ட் பரிசோதனையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டோ ஸ்டேர்னும் வால்ட்டர் கேர்லாக்கும் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அணுக்களை மெல்லிய கற்றையாக ஒரு சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே அனுப்பினார்கள். கண்ணாடித் தகட்டில் படிவு இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வெள்ளியின் 47 இலத்திரன்களில் 46 சோடி சேர்ந்து ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடுகிறது. மிஞ்சும் ஒற்றை 5எஸ் இலத்திரனுக்கு இரண்டே நிலை. முதலில் படிவு கண்ணுக்கே தெரியவில்லையாம். ஸ்டேர்ன் குடித்த மலிவுச் சுருட்டில் கந்தகம் இருந்ததால் அவர் மூச்சுப் பட்டு வெள்ளி கறுத்துத் தெரிந்தது என்று அவரே பின்னாளில் சொன்ன கதை உண்டு. தாங்கள் பிடித்தது கறங்கல் என்பது மட்டும் அப்போது இருவருக்கும் தெரியாது. உலென்பெக்கும் கௌட்சுமித்தும் அந்தக் கருத்தை முன்வைத்தது 1925இல். அதற்காக இலத்திரன் உண்மையாகவே சுழல்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அப்படியானால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டிவரும் என்று லோரென்ட்ஸ் உடனேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

பிராங்பேர்ட் போதும். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது நம்முடைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. பசறையோ அப்புத்தளையோ, எந்தத் தோட்டத்து ஸ்டோருக்குள் போனாலும் காய்ந்த தூள் போகும் வழியில் காந்தம் இருக்கும். ரோலரும் மற்ற இயந்திரங்களும் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளைப் பிடிப்பதற்காக அது. துகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், தூள் தன் பாட்டுக்குப் போகும். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். இருக்கிறது.

தேயிலைச் செடி மங்கனீசைச் சேர்த்துவைப்பதில் மகா கஞ்சன். தேயிலைக்குப் பிடித்ததே அமிலத் தன்மையுள்ள மண்; அத்தகைய மண்ணில் மங்கனீசு எளிதாகக் கரையும். செடி அதை உறிஞ்சி இலையில் பூட்டிவைக்கிறது, கொழுந்தைவிட முற்றிய இலையில் கூடுதலாக. ஒரு கிலோ காய்ந்த தூளில் பல நூறு மில்லிகிராம் இருக்கும். இப்போது ஏ.எல். பிள்ளைகள் பென்சிலை எடுக்கட்டும். இரண்டு நேரேற்றம் கொண்ட மங்கனீசு அயனில் 3டி இலத்திரன்கள் ஐந்து. ஹுண்டின் விதிப்படி ஒபிற்றலுக்கு ஒன்றாக, ஐந்தும் ஒரே கறங்கலோடு. தனி இரும்பு அணுவிலோ 3டி இலத்திரன் ஆறு. ஒரு சோடி போக மிச்சம் நான்கு. உலோகமாகத் திரண்டபின் ஓர் அணுவின் பங்கு இன்னும் குறைந்து ஏறத்தாழ 2.2 இலத்திரன் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆக, ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் பலசாலி மங்கனீசு அயன்தான். காந்தம் அதை விட்டுவிட்டு இரும்பை ஏன் பிடிக்கிறது?

விடைக்கு முன் ஒன்று: மங்கனீசின் அந்த ஐந்து இலத்திரன்களும் கற்பனை என்று தட்டிவிட முடியாது. 1944இல் கசான் நகரத்தில் சவோய்ஸ்கி கண்டுபிடித்த இலத்திரன் கறங்கல் பரிவு முறையில் அவற்றை நேரே பார்க்கலாம். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்த பொருள்களில் மங்கனீசு உப்பும் ஒன்று. தேயிலைத் தூளை ஏறத்தாழ 0.34 தெஸ்லா காந்தப்புலத்தில் வைத்து, வினாடிக்கு 950 கோடி முறை அதிரும் நுண்ணலையைப் பாய்ச்சினால் கறங்கல்கள் திசை புரளும். அந்த நிறமாலையில் மங்கனீசுக்கு ஆறு கோடுகள் விழும். வெள்ளிக்கு இரண்டு, இதற்கு ஏன் ஆறு? மங்கனீசின் கருவுக்கும் ஒரு கறங்கல் உண்டு, ஐந்தின் கீழ் இரண்டு. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: ஆறு. வெள்ளியின் அரைக்கும் அதே கணக்கைப் போடுங்கள்: இரண்டு. இயற்கையில் கிடைக்கும் மங்கனீசு முழுக்க 55 என்ற ஒரே சமதானி என்பதால் குழப்புவதற்கு வேறு சமதானியின் கோடும் இல்லை. நாம் குடிக்கிற பிளேன்டீக்குப் பின்னால் இப்படி ஒரு கைரேகை! இதைப் படித்த அன்று ஆறிப்போன தேத்தண்ணியைக்கூட மரியாதையோடு குடித்தேன்.

சரி, காந்தம் ஏன் தூளை விட்டுவிடுகிறது? தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தன் போக்கில் இழுத்தால் தேர் அசையாது. அத்தனை பேரும் ஒரே பக்கம் இழுத்தால்தான் நகரும். இலையில் மங்கனீசு அயன்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் கிடக்கின்றன. அறை வெப்பமே அவற்றைத் திசைக்கொன்றாகக் கலைத்துவிடப் போதும். இரும்பிலோ பக்கத்துப் பக்கத்து அணுக்களின் கறங்கல்கள் தாமாகவே ஒரே திசையில் நிற்கின்றன.

தாமாகவே எப்படி? ஓர் அணுவின் காந்தம் அடுத்த அணுவைத் திருப்புகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த விசை அற்பம். தனிப்பூச்சியத்துக்கு மேலே ஏறத்தாழ ஒரு பாகையிலேயே அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இரும்போ 770 பாகை செல்சியஸ்வரை காந்தமாக நிற்கிறது. ஹைசன்பேர்க் 1928இல் கொடுத்த விடைக்குப் பவுலியின் தவிர்ப்புத் தத்துவம் வேண்டும். அதற்கு நான் இன்னும் வரவேயில்லை. அடுத்த வாரம் பவுலி. ஒக்கம்பிட்டிய இரத்தினக்கற்களின் நிறம் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் அதற்கும் அடுத்த வாரம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.