உங்களுக்குத் தெரியுமா? இருவரை விரும்பிய தீபா

■ 1974-ல் வெளியான ‘ரஜனிகந்தா’ இந்திப் படத்தின் நாயகி தீபா, டெல்லியில் ஆராய்ச்சி மாணவி. சஞ்சயைக் காதலிக்கிறாள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு மும்பை போன இடத்தில், பழைய காதலன் நவீனைப் பார்த்ததும் அவள் மனம் அவன் பக்கம் சாய்கிறது. அதற்காகப் படம் அவளைக் கெட்டவளாகக் காட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. கடைசியில் யார் வேண்டும் என்பதை அவள் மனமே தீர்மானிக்கிறது.

■ மூலக்கதை, இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியின் ‘யஹீ சச் ஹை’. நாயகியே எழுதும் நாட்குறிப்பாக அமைந்த சிறுகதை. அதில் கான்பூரும் கல்கத்தாவுமாக இருந்த ஊர்களை, இயக்குநர் பாசு சட்டர்ஜி டெல்லி, மும்பை என்று மாற்றினார்.

■ டாக்சியில் நவீனோடு போகும் காட்சியில் காதல் வசனமே கிடையாது. தீபாவாக நடித்த வித்யா சின்ஹாவின் பார்வையே ஆசையைச் சொல்லிவிடுகிறது. பின்னணியில் ஒலிக்கும் பாட்டு தீபாவின் மனக்குரல். ஆனால் பாடியவர் ஆண் பாடகர் முகேஷ்! சலில் சௌத்ரி இசையமைத்த அந்தப் பாட்டுக்காக முகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது.

■ சிறந்த படத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் ‘ரஜனிகந்தா’வுக்கே.

■ ஆனால் 2017-ல், நான்கு பெண்களின் ஆசைகளைப் பேசிய ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’வுக்குத் தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழ் தர மறுத்தது. ‘பெண்களை மையப்படுத்திய கதை’ என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மேல்முறையீட்டில் வென்று, ‘ஏ’ சான்றிதழோடு அதே ஆண்டு ஜூலையில் படம் திரைக்கு வந்தது. ஆணின் ஆசைக்கு யாரும் கேட்காத விளக்கத்தைப் பெண்ணிடம் மட்டும் கேட்பது அநியாயம்.