நெல்லும் பொன்னும் ஒன்றா? ஒரு டேட்டாபேஸ் செட்டிங் திருத்தம்

தாம்பரம் பக்கத்தில் கல்வெட்டு, பழைய நிலக்கணக்கு எல்லாம் தட்டச்சு செய்து சேர்க்கிற நண்பர் ஒருத்தர், தன் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு எழுதிய திருத்தம் ஒன்றைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். சர்வர் பழைய 5.6 வெர்ஷன். சில பதிவுகள் பாதியில் அறுந்து நிற்கின்றன என்பதுதான் புகார். எங்கே நெல், வேலி, முந்திரி (320-ல் ஒரு பங்கு) மாதிரி பழைய குறியீடு வருதோ, அதிலிருந்து கடைசி வரை காணோம்.

காரணம் இதுதான். நாம் தினமும் எழுதுகிற தமிழ் எழுத்துகளுக்கு யுடிஎஃப்-8-ல் தலா 3 பைட். பழைய பின்னங்களும் அளவைக் குறியீடுகளும் 2019-ல், யூனிகோட் 12-ல், 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற தனித் தொகுதியாக வந்தன. இவற்றுக்கு 4 பைட் வேணும். மைஎஸ்க்யூஎல் 'யுடிஎஃப்8' என்று பெயர் வைத்திருந்ததோ 3 பைட் வரைதான் தாங்கும். முழுமையானது 'யுடிஎஃப்8எம்பி4', அது 2010-லேயே வந்தாலும் டீஃபால்ட் ஆனது 8.0-ல், 2018-ல்தான். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத சர்வர் எரர் தராது. ஒரு வார்னிங்கோடு மிச்சத்தை வெட்டிவிடும்.

நண்பரின் திருத்தம் ஒரே வரி: கனெக்‌ஷன் செட்டிங்கை எம்பி4 ஆக்கியது. சோதித்தால் வாக்கியம் முழுசாக வருகிறது! ஆனால் குறியீடு இருந்த இடத்தில் கேள்விக்குறி. காலம் இன்னும் 3 பைட்டிலேயே இருப்பதால், சர்வர் எழுத்தை '?' ஆக மாற்றிப் போடுகிறது. முன்பாவது வரி அறுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போ '3 வேலி' என்பது '3 ?' ஆகி, சிதைந்த கல்வெட்டுக்கு யாரோ போட்ட சந்தேகக் குறி மாதிரி இருக்கு. இது இன்னும் ஆபத்து.

ஆக, இப்படி ஒரு திருத்தம் வந்தால் நான் பார்ப்பவை:

1. சர்வர், டேட்டாபேஸ், டேபிள், காலம், கனெக்‌ஷன்: ஐந்திலும் தனித்தனி செட்டிங் உண்டு. மேலே மாற்றினால் ஏற்கெனவே இருக்கிற டேபிள் மாறாது. 'ஆல்டர் டேபிள் கன்வர்ட் டு' கொடுக்கணும்.

2. இண்டெக்ஸ். 255 எழுத்து × 3 = 765 பைட்; பழைய இன்னோடிபி வரம்பான 767-க்குள் அடங்கும். 255 × 4 = 1020, அடங்காது. பல புரோகிராம்களில் 191 என்ற விசித்திர எண் இருப்பது இதனால்தான் (191 × 4 = 764).

3. கொலேஷன், அதாவது ஒப்பிடும் விதி. பழைய 'ஜெனரல்' கொலேஷனில் 4 பைட் எழுத்துகள் எல்லாத்துக்கும் ஒரே எடை. ஜப்பானில் சுஷி எமோஜியும் பீர் எமோஜியும் சமம் என்று வந்து பேர்போன பிரச்சினை இது. நம்ம கதையில், நெல் குறியைத் தேடினால் பொன் குறியும் வரும். பைனரி கொலேஷன், அல்லது 8.0-ன் டீஃபால்ட் கொலேஷன் போட்டால் பிரியும்.

4. ஸ்ட்ரிக்ட் மோட். 5.7-லிருந்து டீஃபால்ட். பழைய சர்வரில் நாமே போடணும்.

சோதிக்கும்போது திரையை நம்ப வேண்டாம். ஃபாண்ட் இல்லாவிட்டால் சரியான எழுத்தும் வெறும் கட்டமாகத் தெரியும். 'ஹெக்ஸ்' ஃபங்ஷனில் பாருங்கள்: இந்தத் தொகுதி எழுத்து எதுவானாலும் எஃப்0, 91, பிஎஃப் என்று தொடங்கும். 3எஃப் வந்தால் அது வெறும் கேள்விக்குறி.

இத்தனையும் செய்தாலும் ஏற்கெனவே வெட்டுப்பட்டது திரும்பாது. நண்பரிடம் மூலப் பிரதிகள் இருக்கின்றன. அறுந்த பதிவுகளைப் பட்டியல் எடுத்து மறுபடி தட்டச்சு செய்வது என்பதையும் திருத்தத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கச் சொன்னேன்.